இருபது மூவ்

ஒரு செருப்புச் சத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சரக், சரக் என்று தரையில் தோல் உரசுகிற சத்தம். மதுரையில். எனக்கு அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். கல்லூரி மாணவர்களுக்கான சதுரங்கப் போட்டி என்று பெயர், ஆனால் ஆள் சேரவில்லை என்று வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. நாற்பது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மேசைக்கு மேலே அவர் கைகள் சாமி கும்பிடுகிற மாதிரி அடக்கமாக இருந்தன. சத்தம் மேசைக்குக் கீழே. செருப்பைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். பிறகு சத்தம் நின்றுவிடும். நின்றால்தான் எனக்குப் பயம். நின்றதென்றால் அந்தக் கால் என் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, மேகலா? எழுந்து போகவில்லை. இரண்டு காலையும் தூக்கி நாற்காலியிலேயே சம்மணம் போட்டேன். சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டேன். சாயங்காலம் வரை அப்படியே ஆடினேன். அந்த ஆளின் ராஜாவை மூலையில் வைத்து மடக்கியபோது எனக்குக் கால் இருக்கிற உணர்ச்சியே இல்லை. தோழி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஆனால் ஜெயித்தேன். எழுந்து போயிருந்தால் தோல்வி யாருக்கு? எனக்குத்தானே? ஆட்டத்தை முடிக்காமல் எழுந்து போகிறவள் ஆட்டக்காரி இல்லை. இதைத்தான் இத்தனை வருஷமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். செருப்பைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அது அவசியமில்லாத விஷயம்.

காப்பி ஆறுகிறது, குடி. சீனி போதுமா?

உன் மகள் ஆதிரையை அந்த ஆன்லைன் செஸ் குரூப்பில் சேர்க்கலாமா என்று கேட்டாய். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நீ மாடிக்குக் குடிவந்து இத்தனை நாளில் யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள், கீழ்வீட்டு சுகிர்தா மிஸ்ஸை அந்தக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று. போட்டார்களா, இல்லையா? சிரிக்கிறாய். அப்படியானால் போட்டிருக்கிறார்கள். என்ன காரணம் சொன்னார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நடந்தது நடந்தபடி நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே சொல்.

எங்கள் சதுரங்கக் கழகம் இதே பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் ஹாலில் நடந்துகொண்டிருந்தது. நான்தான் தலைவி. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேறென்ன இருந்தது? கொரோனா வந்தது, ஹாலைப் பூட்டினார்கள். மேலப்பாளையத்து மதார் என்று ஒரு பிள்ளை, கம்ப்யூட்டர் இன்ஜினியர், கழகத்தில் எனக்கு உதவியாக இருந்தான். அவன்தான் கம்ப்யூட்டரில் ஓர் இடம் பிடித்தான். எல்லாரும் எழுதுகிற பொதுப் பக்கம் ஒன்று. பழைய ஞாபகத்தில் அதற்கு ‘ஹால்’ என்றே பெயர் வைத்தோம். ஆட உட்கார்ந்தால் பலகை வரும். பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். ஆடுகிற இரண்டு பேர் மட்டும் அதில் எழுதிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் பெட்டி மூடிக்கொள்ளும். ஹாலில் யார் என்ன எழுதினாலும் அட்மின் என்ற முறையில் எனக்குத் தெரியும். பெட்டிக்குள் எழுதுவது எனக்கும் தெரியாது. ‘நல்ல மூவ்’, ‘கரண்ட் போச்சு’, ‘நன்றி சார்’ என்று எழுத ஓர் இடம், அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள். மீதி பெரியவர்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தூத்துக்குடியில் ஒரு பல் டாக்டர், சாத்தூரில் சேவுக்கடை வைத்திருக்கிற ராமானுஜம், இப்படி. பலகைக்கு முன்னால் வயது கிடையாது என்பார்கள். சரிதான், பலகைக்கு முன்னால் கிடையாது. ஹாலில் உண்டு. அதைக் காப்பாற்றத்தான் நான் இருந்தேன். காலையில் பைபிள் வாசித்து முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் போய்விடுவேன். ஒரு வரி விடமாட்டேன். ‘டா’ போட்டால் அழிப்பேன். பெரியவர்கள் அரசியல் பேசினால் அழிப்பேன். யாராவது ஒரு பிள்ளையின் போன் நம்பர் கேட்டால் அழித்துவிட்டு அந்த ஆளைக் கூப்பிட்டும் கேட்பேன்.

ராமானுஜம் ஒரு நாள் கேட்டார். “மிஸ், என் ராணியே போயிட்டு. ஒரு கெட்ட வார்த்தை சொல்ல அனுமதி உண்டா?”

“தாராளமா. கடைக்குள்ள போயி எண்ணெய்ச் சட்டிகிட்ட சொல்லுங்க.”

“அது ஏற்கெனவே கொதிச்சுப்போயி கெடக்கு மிஸ்.”

அப்படி ஒரு நல்ல இடம் அது. நம்பு.

விதிகளை நான்தான் எழுதினேன். அதில் ஒன்றுதான் இருபது மூவ். பிள்ளைகள் ஒரு காய் போனவுடனே விட்டுக்கொடுத்துவிட்டு ஓடிவிடும். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ஆட்டம் முடிந்துவிடும், தோற்றதாகக் காட்டும். எதிரே ஒரு மனுஷன் காத்துக்கொண்டிருக்கிறானே என்ற மரியாதை வேண்டாமா? அதனால் இருபது மூவ் வரை யாரும் ஆட்டத்தை விடக்கூடாது. விட்டால் எச்சரிக்கை. மூன்றாவது தடவை வெளியே. எல்லாரும் கேலி செய்தார்கள், ஆனால் கேட்டார்கள். இன்னொன்று, சனிக்கிழமை ஜோடி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பெரியவருக்கு எதிரே ஒரு பிள்ளையை உட்கார வைப்பேன். யாருக்கு யார் என்று நானே யோசித்துப் போடுவேன். பெரியவர்களிடம் தோற்றுத்தான் பிள்ளைகள் வளரும். அதுவும் என் யோசனைதான். எல்லாரும் பாராட்டினார்கள்.

இதில்தான் உலகம்மை வந்து சேர்ந்தாள்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரம். அம்மா பீடி சுற்றுகிறவள், பெயர் செண்பகம். அப்பா கேரளாவில் பெயின்ட் அடிக்கிற வேலை. புதிதாகச் சேருகிற பிள்ளையிடம் நான் போனில் பேசாமல் சேர்க்கமாட்டேன். அவளிடமும் பேசினேன்.

“உலகம்மைன்னு இந்தக் காலத்துல யாரும்மா பேரு வைக்கா? பாட்டி பேரா?”

“இல்ல மிஸ், எங்க ஊர் அம்மன் பேரு. பாட்டி பேரு மேரி. அது தனிக்கதை.”

“செஸ் யார் சொல்லித் தந்தா?”

“ஒருத்தரும் இல்ல. அம்மா போன்ல இருந்துச்சு, தொட்டேன். மொதல்ல தோத்தேன். பெறவு தோக்கல.”

பதின்மூன்று வயது. பேச்சைப் பார். சேர்ந்த மாதத்திலேயே தூத்துக்குடி பல் டாக்டரைத் தோற்கடித்துவிட்டு ஹாலில் எழுதினாள்: ‘டாக்டர் சார், உங்க ராணிக்குச் சொத்தை. புடுங்கிட்டேன். ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் குடிக்காதீங்க.’ நியாயப்படி நான் அதை அழித்திருக்க வேண்டும். அழிக்க மனசு வரவில்லை. அந்தப் பிள்ளை மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் இருந்தது. இதையும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் உன்னிடம்.

அடுத்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். நன்றாகச் சதுரங்கம் ஆடுகிற பிள்ளை ஒன்றை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வார்களாம். விடுதி, சாப்பாடு, பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பு, ஒரு நல்ல பயிற்சியாளர், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஓர் இடம். ஆட்டமும் ஒழுக்கமும் எப்படி என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்கிற பிள்ளைக்கு இடம். உலகம்மையிடம் சொன்னேன். “அங்க கடல் இருக்கும்லா மிஸ்?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கடல் பார்த்ததில்லையாம்.

அந்தச் சமயத்தில்தான் ஆவுடையப்பன் சார் கேட்டார். தென்காசிக்காரர், பெரிய உத்தியோகம். ஹாலில் அவரைப் போல ஒரு மரியாதையான மனுஷனை நான் பார்த்ததில்லை. காலையில் பிள்ளைகளுக்கு ஒரு புதிர் போடுவார். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதல் வாழ்த்து அவருடையது. ஒரு வார்த்தை பிசகாக எழுதினதில்லை. அவர் எழுதின எதையும் நான் அழிக்க வேண்டி வந்ததேயில்லை. அவர் போனில் சொன்னார்: “மிஸ், அந்த உலகம்மைக்கு ஆட்டத்தோட கடைசிக் கட்டம் கொஞ்சம் தகராறு. காய் குறைஞ்சதும் தடுமாறுது. சென்னைக்குப் போற பிள்ளை. சனிக்கிழமை எங்கூடப் போடுங்க, நான் தேத்திவிடுதேன்.” எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். போட்டேன். வாராவாரம் அவர் கூடவே போட்டேன்.

முதல் சில வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, அவர் ஒரு சிப்பாயை நகர்த்துகிறார், இவள் விட்டுக்கொடுத்துவிடுகிறாள். ஒரே மூவ். ஆட்டம் முடிந்தது. ஹாலில் ஆவுடையப்பன் சார் எழுதினார்: ‘பிள்ளைக்கு என் மேல் என்ன கோபமோ!’ ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் உலகம்மையைக் கூப்பிட்டேன்.

“நெட்டு போயிட்டு மிஸ்.”

சரி என்று விட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அதே. ஒரு மூவ், முடிந்தது.

“என்னட்டி இது?”

“வயித்துவலி மிஸ்.”

“வயித்துவலின்னா முன்னாடியே சொல்லணும். பெரிய மனுஷர் வேலையெல்லாம் விட்டுட்டு வந்து உக்காந்திருக்காரு.”

அதற்கு அவள் சொன்னாள்: “அவர்கூடப் போடாதீங்க மிஸ்.”

“ஏன்?”

“சும்மாதான்.”

சும்மா என்பது ஒரு காரணமா, மேகலா? நீயே சொல். அவள் இடத்தில் ஆதிரை இருந்து, ‘சும்மா’ என்றால் நீ விடுவாயா? நான் கொஞ்சம் கோபமாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அவள் வேறொன்று கேட்டாள்.

“மிஸ், பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி வருதுல்லா. அதை அடைக்க முடியாதா?”

சம்பந்தமில்லாமல் கேட்கிறாள் பார். நானும் பொறுமையாக விளக்கினேன். அது கம்ப்யூட்டரோட அமைப்பும்மா, நம்ம கையில இல்ல, ஆட்டம் முடிஞ்சா அதுவே மூடிக்கிடும் என்றேன்.

“அது தெரியும் மிஸ்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கே பாடம் சொல்கிறாள். நாற்பது வருஷம் பாடம் சொன்னவளுக்கு. நல்லா ஆடுகிற பிள்ளைக்கு வருகிற தலைக்கனம் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மதார் மட்டும் வேறு மாதிரி சொன்னான். அவன் எல்லா ஆட்டத்தையும் எடுத்துப் பார்த்திருக்கிறான். “மிஸ், இந்தப் புள்ள மத்த எல்லார்கிட்டயும் கடைசிச் சிப்பாய் வரைக்கும் மல்லுக்கட்டுது. ராமானுஜம் அண்ணாச்சிகிட்டத் தோக்கப்போற ஆட்டத்தக்கூட விடல. இவர் ஒருத்தர்கிட்ட மட்டுந்தான் ஒரு மூவுல ஓடுது. என்னமோ இருக்கு. ஒரு தடவ விசாரிங்க.”

விசாரிக்காமல் இல்லை. நான் விசாரித்தேன். யாரிடம் விசாரிப்பது? சம்பந்தப்பட்டவரிடம்தானே? ஆவுடையப்பன் சாரையே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எவ்வளவு தன்மையாகப் பேசினார் தெரியுமா? “விடுங்க மிஸ், சின்னப் பிள்ளை. வீட்டுச் சூழ்நிலை சரியில்லாத பிள்ளைகளுக்கு இப்பிடி ஒரு முரண்டு வரும். நான் மன்னிச்சிட்டேன். தண்டனை எதுவும் குடுத்திராதீங்க.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதாரிடம் சொன்னேன், “பாரு, பெரிய மனுஷர்னா இவர்.” மதார் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதும் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது சனிக்கிழமையும் ஒரு மூவ். விதி என்றால் விதி. பிரியமான பிள்ளை என்பதற்காக வளைத்தால் மற்ற பிள்ளைகள் என்ன நினைக்கும்? ஆனாலும் நேரே வெளியே அனுப்பவில்லை. ஒரு வழி வைத்தேன். ஹாலில் எல்லாரும் பார்க்க ஆவுடையப்பன் சாரிடம் மன்னிப்புக் கேட்டு எழுது, போதும் என்றேன். சென்னை இடம் இருக்கிறது, யோசித்து எழுது என்றும் சொன்னேன். எழுதினாள்.

‘ஆட்டத்தை முடிக்காமல் போனதுக்கு மன்னிச்சுக்கோங்க. இனியும் போவேன்.’

இப்படி ஒரு மன்னிப்பை நீ பார்த்திருக்கிறாயா? ராமானுஜம்கூட ஒன்றும் எழுதவில்லை. நான் அதை அழித்தேன். அவளையும் வெளியே எடுத்தேன். அந்த வாரம் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். பொய் சொல்ல எனக்கு வராது. ஆட்டம் பிரமாதம், நடத்தையைப் பற்றி என்னால் உறுதி சொல்ல முடியவில்லை என்றேன். அந்த இடம் கோவில்பட்டிப் பையன் ஒருவனுக்குப் போனது. நல்ல பையன்தான். நன்றாக இருக்கிறான் என்று கேள்வி.

இதுவரைக்கும் நான் செய்ததில் எது விதிக்குப் புறம்பு? சொல்லு. ஒன்றும் இல்லை. இரு, முடித்துவிடுகிறேன்.

உலகம்மை போன பிறகு ஆவுடையப்பன் சாருக்குச் சனிக்கிழமை ஜோடி வேண்டுமே. ஷைனியைப் போட்டேன். ஆலங்குளத்துப் பிள்ளை, ஐந்தாம் வகுப்பு. அம்மா ஜெயராணி நர்ஸ், பாதி நாள் டியூட்டியில் இருப்பாள். ஷைனி சாதுவான பிள்ளை. வாராவாரம் அவரோடு ஆடும். இருபது மூவ் ஆடும். இருபத்தொன்றாவது மூவில் விட்டுக்கொடுத்துவிடும். ஒவ்வொரு வாரமும் சரியாக இருபத்தொன்று. நான் ஹாலில் எழுதினேன்: ‘விதியை எப்படி மதிக்க வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் ஷைனியிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.’ கைதட்டுகிற பொம்மையும் போட்டேன். எனக்குப் பொம்மை போடத் தெரியாது. அதற்காக மதாரிடம் கேட்டுப் போட்டேன்.

அந்த ஆட்டங்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன, எடுத்துப் பார்க்கலாம். பத்து மூவுக்கு மேல் அந்தப் பிள்ளை ஆடவே இல்லை. குதிரையை வெளியே எடுக்கும், மறுபடி உள்ளே வைக்கும். வெளியே எடுக்கும், உள்ளே வைக்கும். அவர் காய்களை வெட்டிக்கொண்டே வருவார், இது பார்க்காது. குதிரை வெளியே, குதிரை உள்ளே. சீக்கிரம் சீக்கிரமாக. இருபதைத் தாண்ட வேண்டுமே.

அதை நான் அப்போது பொறுமை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆராதனை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. போனைத் திறந்தால் ஹாலில் ஜெயராணி ஒரு படம் போட்டிருக்கிறாள். அந்தச் சின்னப் பெட்டியின் படம். டியூட்டி மாறி முந்தின நாள் வீட்டில் இருந்திருக்கிறாள், பிள்ளை ஆடும்போது பின்னால் வந்து பார்த்திருக்கிறாள். ஆவுடையப்பன் எழுதியிருந்ததெல்லாம் அதில் இருந்தது. முதல் வரி ‘அம்மா டியூட்டிக்குப் போயாச்சா?’ அடுத்தது ‘கதவு சாத்தியிருக்கா?’ அதற்குக் கீழே இருந்ததை நான் உனக்குச் சொல்லமாட்டேன். என் வாயால் வராது. படத்துக்குக் கீழே ஜெயராணி பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘சனிக்கிழமை ஜோடி போட்ட மிஸ் எங்கே?’

நான் அதை அழித்தேன்.

ஆமாம், அழித்தேன். பிள்ளைகள் வாசிக்கிற இடம் அது, மேகலா. அந்த மாதிரி வார்த்தைகள் ஹாலில் ஒரு நிமிஷம் இருக்கலாமா? ஒரு குழந்தையின் பெயர் வேறு மேலே அப்படியே தெரிகிறது. நான் வேறென்ன செய்திருக்க வேண்டும்? அவள் மறுபடி போட்டாள். நான் மறுபடி அழித்தேன். மூன்றாவதாக மதார் போட்டான். அவனுக்கும் அட்மின் அதிகாரம் உண்டு. போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். “மிஸ், போனைக் கீழ வைங்க. தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க. ஆவுடையப்பன் பேரை நான் எடுத்தாச்சு. ஜெயராணி அக்காவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்.” இருபத்தெட்டு வயசுப் பையன் என்னிடம் ‘தொடாதீங்க’ என்கிறான்.

அன்று சாயங்காலம் ஹாலில் ஓட்டெடுப்பு. என்னை எடுத்துவிட வேண்டுமா என்று. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராமானுஜம் மட்டும் போனில் கூப்பிட்டார். “மிஸ், கோவிச்சுக்காதீங்க. என் ஓட்டும் அதுல உண்டு. நீங்க ஒரு ‘டா’வைக் கூட விடாம பொறுக்குனீங்க. ஆனா...” அதற்கு மேல் சொல்லாமல் வைத்துவிட்டார். ஆனா என்றால் என்ன? அந்த மனுஷன் ஹாலில் ஒரு கெட்ட வார்த்தை எழுதவில்லையே, நான் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

இதுதான் நடந்தது. எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? உலகம்மை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் ‘ஏன்’ என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

அதைச் சொல்லத்தான் விக்கிரமசிங்கபுரத்துக்குப் போனேன். பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். செண்பகம் நடையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். “வாங்க மிஸ்” என்றாள். ஆனால் இலையும் தூளும் இருந்த சுளவை மடியிலிருந்து இறக்கவில்லை. நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

“இப்படி ஒரு கஷ்டம் இருந்தா, உம் மக எங்கிட்ட வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே, செண்பகம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உங்ககிட்டச் சொல்லிட்டேன்னுதான எங்கிட்டச் சொன்னா?”

“என்ன சொன்னா?”

“அந்தாளு கன்னாபின்னான்னு எழுதுதான்னு அழுதா மிஸ். நான் போனப் பிடுங்கி அடுப்புல போடப்போனேன். வேண்டாம்மா, மிஸ்கிட்டச் சொல்லியாச்சு, மிஸ் பாத்துக்கிடுவாங்கன்னா. படிச்சவங்க, பெரியவங்க, பாத்துக்கிடுவாங்கன்னு நானும் இருந்துட்டேன்.”

“எங்கிட்ட அப்படி ஒண்ணுமே சொல்லல.”

“அந்தாளுகூடப் போடாதீங்கன்னாளா, இல்லையா?”

“அது சொன்னா, ஆனா காரணம்...”

“அந்தப் பெட்டிய அடைங்கன்னாளா, இல்லையா?” கையில் இருந்த பீடியைக் கிள்ளி மடக்கிப் போட்டாள். குரல் உயரவே இல்லை. “பெறவு இன்னும் என்னத்த மிஸ் சொல்லணும், ஒரு பொட்டப்பிள்ள?”

இது சொன்னதாகுமா, மேகலா? நீயும் பெண்பிள்ளையைப் பெற்றவள், நீ சொல்லு. சொல்வதென்றால் சொல்ல வேண்டும், இல்லையா? சார் இப்படி எழுதுகிறார், இன்ன தேதியில் எழுதினார் என்று. பெட்டியை அடை என்றால் நான் பெட்டியைத்தானே நினைப்பேன்?

நீ ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாய். சரி.

கொஞ்ச நேரத்தில் உலகம்மை பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். உயர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் மதார்கிட்டப் பேசுறேன். நீ மறுபடி சேர்ந்துடலாம்” என்றேன். எனக்கு அப்போது அங்கே ஓர் அதிகாரமும் இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

“மதார் அண்ணன் அன்னைக்கே கூப்பிட்டாங்க மிஸ். நான்தான் வரலன்னுட்டேன்.”

“ஏம்மா?”

“ஆடிப் பாத்தேன் மிஸ். போர்டு தெரிய மாட்டேங்கு. பக்கத்துல என்ன வருதுன்னே கண்ணு போகுது. குதிரைய வெட்டுறது தெரியாம அங்கனயே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

பயிற்சி விட்டுப்போனால் அப்படித்தான் இருக்கும், தினமும் கொஞ்சம் ஆடினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? அவள் தலையை ஆட்டினாள். பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்தாள். பஸ் வர நேரமாயிற்று. நான் ஏதேதோ படிப்பைப் பற்றிக் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். “என்ன மிஸ்?” என்று கிட்டே வந்தாள். எனக்கு என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துவிட்டது. பஸ் எடுத்துவிட்டான்.

இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா? போதுமா? சரி.

ஆதிரையைச் சேர். தாராளமாகச் சேர். இப்போது மதார்தான் நடத்துகிறான். அந்தச் சின்னப் பெட்டியை அடைத்துவிட்டான். அன்றைக்கே அடைத்துவிட்டானாம். ஏதோ ஓர் இடத்தில் தொட்டால் போதுமாம். அப்படி அடைக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அவனிடம் கேட்கவில்லைதான். சனிக்கிழமை ஜோடியும் இப்போது இல்லை. பிள்ளைகள் பிள்ளைகளோடு ஆடுகிறார்கள், இரண்டு அம்மாமார் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜெயராணி அதில் ஒருத்தி. ஷைனி இப்போதும் ஆடுகிறதாம், முழு ஆட்டம். அந்த மனுஷன் மேல் வழக்கு நடக்கிறது, ஜாமீனில் இருக்கிறான். இருபது மூவ் விதியையும் எடுத்துவிட்டார்கள். அதை மட்டும் எடுத்திருக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். ஆதிரையிடம் நீயாவது சொல், எடுத்த ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று.

ஏன் எழுந்துவிட்டாய்? பிள்ளை வருகிற நேரமா? சரி, போ. டம்ளரை அங்கேயே வைத்துவிடு, நான் கழுவிக்கொள்கிறேன்.

உலகம்மையா? பிளஸ் டூ முடித்தாள், அதற்கு மேல் ஒரு வருஷம் ஏதோ படித்தாள். இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் ஏழு மணிக்குப் போக வேண்டுமாம். சதுரங்கம் ஆடுவதில்லை.